சாமி நாடகத்தில் பபூன் வேண்டாம் என்கிறார்கள். உங்கள் ஊரில் எப்படி?

மேல்மலையான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையில். முருகன் கோயில் திருவிழா என்றால் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் உண்டு. தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நாடகம் இருக்கட்டும், கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற பபூன் வேண்டாமாம். இல்லையென்றால் நாடகத்தையே விட்டுவிட்டு பக்தி இன்னிசை வைத்துவிடலாமாம்.

காரணம் இதுதான். போன வருஷம் பபூன் பேசியதை யாரோ செல்போனில் பிடித்து வாட்ஸப்பில் சுற்ற விட்டார்கள். திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் எங்கள் பையன்கள் அதைப் பார்த்துக் கொதித்துவிட்டார்கள். அவர் பேசியது என்னவென்றால்: "மாம்பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வந்த புள்ள. நம்ம மலைக்காரன் வாழைப்பழத்தைக் குடுத்து இத்தனை வருஷமா சமாதானம் பண்றான். இன்னும் இறங்கி வரலையே!" அப்புறம் கோமணத்தைப் பற்றி ஒன்று. பாகப்பிரிவினையில் அண்ணன் வயிறு முட்ட எடுத்துக்கொண்டான், தம்பிக்கு மிஞ்சியது அவ்வளவுதான் என்று.

முதல் வரியைக் கேட்டு எங்கள் ஊரே எழுந்து நின்று கைதட்டியது. பஞ்சாமிர்தத்துக்குப் போகிற மலைவாழை எங்கள் மலையில் விளைவது. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக அதைப் போட்டு வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கீழ்மலையில் எத்தனை பேருக்கு மனசு நிறைந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெருமையைத்தான் பபூன் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சாமி கோபித்துக்கொண்ட பிள்ளை, நாம் அவனைத் தாஜா பண்ணுகிற சொந்தக்காரர்கள். இதில் அவமானம் எங்கே இருக்கிறது?

காளமேகப் புலவர் 15-ஆம் நூற்றாண்டிலேயே இதைவிடப் பலமாகப் பேசியிருக்கிறார். ஆறுமுகனுடைய குடும்பத்தையே வரிசையாக நிற்க வைத்து, அப்பன் பிச்சையெடுத்துத் தின்பவன், மாமன் உறியில் திருடுபவன், அண்ணன் பெருவயிறன், இதுதானே உன் பெருமை என்று கேட்டார். அதற்கு நிந்தாஸ்துதி என்று பேர் வைத்து, திட்டுவதுபோலப் புகழ்வது என்று பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். புலவர் பாடினால் இலக்கியம், பபூன் பேசினால் குற்றமா?

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் ஊர்களில் என்ன வழக்கம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

வேல்துணை:

அண்ணே, நான் மறுபக்கம். கோபப்படாமல் கேளுங்கள்.

தைப்பூசத்துக்கு மாலை போட்டு விரதம் இருந்து, மலையிலிருந்து செருப்பில்லாமல் நடந்து பழனிக்கு இறங்குகிறவன் நான். காலில் கொப்புளம் உடைந்து, அந்த வலியோடு படி ஏறி, ஆண்டிக் கோலத்தில் அவனைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். அந்தக் கோமணம் எனக்குச் சிரிக்கிற விஷயம் இல்லை. எல்லாவற்றையும் விட்டவன் என்பதற்கு அதுதான் அடையாளம். அதே கோமணத்தை வைத்து மேடையில் ஒருவர் பேச, ஊரே சிரிக்கிறது. எனக்கு உள்ளே சுருக்கென்கிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

இன்னொன்றும் இருக்கிறது. வெளியே எத்தனையோ பேர் நம் சாமிகளைப் பற்றிக் கண்டபடி பேசுகிறார்கள். அவர்களிடம் போய் நிறுத்து என்று சொன்னால், "உங்க ஊர் பபூனே பேசுறானே" என்று அந்த வீடியோவைத்தான் காட்டுவார்கள். நம் வீட்டுப் பேச்சு வீட்டோடு இருந்த காலம் வேறு. இப்போது மேடையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் முன்பின் தெரியாதவன் கைக்குப் போகிறது. அவனுக்கு வாழைப்பழமும் தெரியாது, மலையும் தெரியாது.

காளமேகத்தைச் சொன்னீர்கள். அவர் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது புகழ்ச்சி என்று புரிந்தது. இன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது அர்த்தம் எட்டுமா?

ஆர்மோனியம்:

நான் பின்பாட்டுக்காரன். திண்டுக்கல், தேனி, மதுரை ஜில்லா என்று மேடை மேடையாகப் பெட்டி வாசித்தவன். உங்கள் மேல்மலை ஊர்களுக்கும் வந்திருக்கிறேன். தை, மாசியில் உறைபனி கொட்டும். விரல் மரத்துப்போய்க் கட்டை பிடிக்காது.

பபூன் எதற்கு என்று தெரியாமல் வேண்டாம் என்று சொல்வது வருத்தமாக இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த இந்த நாடகத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நாங்கள் சாமிப் பாட்டு பாடுவோம். அடுத்து பபூன், பிறகு டான்ஸ், இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அது முடிந்தபிறகுதான் வள்ளி தினைப்புனம் காக்க வருவாள். நாரதர் வந்து தர்க்கம் நடக்கும். முருகனாக நடிக்கிற ராஜபார்ட் வேடனாக உள்ளே நுழையும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். அதுவரைக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது பபூன் ஒருத்தர்தான். வருகிறவன், போகிறவன், குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவன், அழுகிற குழந்தை எல்லாரையும் பேச்சுக்குள் இழுத்து ஒரே கூட்டமாக ஆக்குகிற வேலை அவருடையது. இன்னிசைக் கச்சேரி வைத்துப் பாருங்கள். மேல்மலைக் குளிரில் பதினொரு மணிக்கு மைக் செட்டுக்காரர் மட்டும்தான் இருப்பார்.

வேல்துணைத் தம்பி ஒன்றைக் கவனித்திருக்க மாட்டார். மேடைக்கு வரும்போது பபூன் முதலில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு என் பெட்டியைத் தொடுவார், மிருதங்கத்தைத் தொடுவார். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பார். கேலிக்கு முன்னாலேயே கும்பிடு முடிந்துவிட்டது. எனக்குப் பழக்கமான பபூன் ஒருவர், வேஷம் போட்டுக்கொண்டே முருகன் படத்துக்கு முன்னால் முனகுவார். மந்திரம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் போய்க் கேட்டால், அன்றைக்கு மேடையில் சொல்லப்போகிற சிரிப்பை அவனிடம் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதையே சிரிப்பில் நிற்கிற கதைதானே தம்பி. வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கடைசியில் பல்லுப்போன கிழவனாக வந்து தேனும் தினைமாவும் தின்று விக்கல் எடுத்து நிற்கிறான். அண்ணனைக் கூப்பிட்டு யானையாக வரச்சொல்லிப் பெண்ணைப் பயமுறுத்துகிறான். இதை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எப்படி நடிப்பது?

சலேத்தெரு:

கொடைக்கானல் சலேத் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன் நான். இந்தப் பேச்சு எங்கள் பக்கமும் உண்டு. கிறிஸ்துமஸ் பஜனைக்கு வீடு வீடாகப் போகும்போது தாத்தா வேஷம் போட்டவர் அடிக்கிற கூத்தைப் பார்த்து, ஜெபக்கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். கடவுள் காரியத்தில் என்ன விளையாட்டு என்று கேட்பார்கள்.

வேதாகமத்தில் சாராள் சிரிக்கிறாள். தொண்ணூறு வயசில் பிள்ளை பிறக்கும் என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஏன் சிரித்தாய் என்று கர்த்தர் கேட்கிறார், நான் சிரிக்கவில்லை என்று பயந்துபோய் மழுப்புகிறாள், இல்லை நீ சிரித்தாய் என்கிறார். அவ்வளவுதான், தண்டனை ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் பிள்ளை பிறந்ததும், தேவன் என்னை நகைக்கப்பண்ணினார், கேட்கிறவர்களும் என்னோடுகூட நகைப்பார்கள் என்று அவளே சொல்கிறாள். ஈசாக்கு என்கிற பிள்ளையின் பேருக்கு அர்த்தமே சிரிப்பு.

எங்கள் மாதாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1846-இல் பிரான்ஸ் நாட்டு மலையில், மாடு மேய்த்த ஒரு சிறுமிக்கும் சிறுவனுக்கும் காட்சி கொடுத்தவள். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசிய விஷயங்களில் ஒன்று உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றியது. பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சரியாகப் புரியவில்லை. சிறுமி முழிப்பதைப் பார்த்துவிட்டு, புரியவில்லையா, வேறு மாதிரி சொல்கிறேன் என்று அவர்கள் ஊர்ப்பேச்சுக்கு மாறினாள். 1866-இல் இங்கே அந்த மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள், உருளைக்கிழங்கு போடுகிற மலையிலே! சாமி நம் கிழங்குக் காட்டைப் பற்றி நம் பேச்சில் பேசலாம் என்றால், நாம் அவளிடம் நம் பேச்சில், நம் கேலியோடு பேசுவதில் குறை என்ன இருக்கிறது?

ஆனால் எனக்கு நெருடுகிற இடமும் அதே வேதாகமத்தில் இருக்கிறது. எலியா தீர்க்கதரிசி பாகாலின் பூசாரிகளைப் பார்த்து, உரக்கக் கூப்பிடுங்கள், உங்கள் சாமி தூங்குகிறானோ என்னவோ என்று பரியாசம் பண்ணுகிறார். சாராள் சிரித்தது தன் வீட்டுக்குள். எலியா சிரித்தது அடுத்தவன் சாமியைப் பார்த்து, அது ரத்தத்தில்தான் போய் முடிந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

ஆலோலம்:

எல்லாரும் சாமியைப் பற்றியே பேசுகிறீர்கள். மனுஷரைப் பற்றி நான் பேசுகிறேன்.

நான் கீழ்மலைப் பெண். மேல்மலையான் அண்ணன் சொல்கிற அதே பபூனோ வேறு ஒருவரோ தெரியாது, எங்கள் பக்கத்து ஊரிலும் நாடகம் நடந்தது. முருகனைப் பற்றிப் பேசினார், நானும் சிரித்தேன். பிறகு எங்கள் மலைப் பழங்குடியான பளியர் ஒருவர் தேன் விற்க வருவதுபோல நடித்துக் காட்டினார். அவர்கள் பேச்சை இழுத்து இழுத்துப் பேசினார், உடம்பைச் சொறிந்துகொண்டார், காசு எண்ணத் தெரியாதவர்போல விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். கூட்டம் உருண்டு சிரித்தது.

பந்தல் ஓரத்தில் பளியர் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்பிள்ளை, எனக்குத் தெரிந்த பிள்ளை. முதலில் அவளும் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணினாள். அப்புறம் தாவணி முனையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வள்ளி அதுவரைக்கும் மேடைக்கே வரவில்லை. வேடர் குலத்துப் பெண்ணை, காட்டில் தேனும் தினையுமாக வளர்ந்தவளை, சாமி தேடி வந்து கல்யாணம் பண்ணிக்கொள்கிற கதையைப் பார்க்காமலே அந்தக் காட்டுப் பிள்ளை போய்விட்டது.

அடுத்த நாள் ஒருத்தர்கூட இதைப் பற்றிக் கூட்டம் போடவில்லை. வாட்ஸப்பில் ஒருத்தரும் கொதிக்கவில்லை. முருகன் கோமணத்துக்காக இத்தனை பேர் வருகிறீர்கள். முருகன் தாங்கிக்கொள்வான். காளமேகத்தையே தாங்கியவன். அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

கறுப்பாக இருக்கிற பெண், குண்டாக இருக்கிற பெண், டான்ஸ் ஆட வருகிற அக்கா, இவர்களை வைத்துப் பேசுகிற பேச்சையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவும் குடும்பத்தைக் காப்பாற்ற ராத்திரி முழுக்கப் பனியில் நிற்கிறவர்தான். பபூனை நிறுத்த வேண்டாம். எதைப் பேசக்கூடாது என்று சொல்வதானால் இதிலிருந்து தொடங்குங்கள்.

வேல்துணை:

ஆலோலம் அக்கா, நீங்கள் எழுதியதை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். பளியர் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். எங்கள் பாதயாத்திரைக் குழுவில் பளியர் தம்பி ஒருவன் வருகிறான், காட்டுவழியில் அவன்தான் எல்லாருக்கும் முன்னால் நடப்பான். அவனுக்கு முன்னால் அப்படிப் பேசியிருந்தால் நானே மேடை ஏறியிருப்பேன்.

ஆனால் அதனால் சாமியைக் கேலி பண்ணுவது சரியாகிவிடாது அக்கா. இரண்டும் வலிதான். ஒன்று பெரிது என்பதற்காக இன்னொன்றை இல்லை என்று சொல்லாதீர்கள்.

குறிஞ்சித்திணை:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். இந்த இழையில் இதுவரை வந்ததெல்லாம் தொல்காப்பியம் பேசுகிற இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது, ஆகவே உள்ளே வருகிறேன்.

மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், முதலில் வைத்திருப்பது நகையை, அதாவது சிரிப்பை. அழுகை அதற்கு அப்புறம்தான். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஒன்றை இகழ்வதால் வருவது எள்ளல். மற்ற மூன்றிலும் குழந்தைத்தனமும் அறியாமையும் இருக்கின்றன, ஆளை மட்டம் தட்டும் நோக்கம் இல்லை.

இப்போது பபூன் பேச்சை இதில் வைத்துப் பாருங்கள். மாம்பழத்துக்குக் கோபித்த பிள்ளை என்பது இளமை பற்றிய சிரிப்பு. பூம்பாறையில் குழந்தை வேலப்பராக நிற்பவனே அப்படிப்பட்டவன்தான். அருணகிரிநாதர் அங்கே தங்கிய இரவில் அவரைக் கொல்ல ராட்சசி வந்தாளாம். முருகன் குழந்தையாக அவர் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ள, தாயும் பிள்ளையும் என்று நினைத்து அவள் விட்டுப்போனாளாம். ஏமாற்றி விளையாடுவது அவன் குணமாகவே நம் மலையில் நம்பப்படுகிறது. ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டதும் அவன்தானே! ஆனால் பளியர் பேச்சை இழுத்துக் காட்டியது பச்சையான எள்ளல். வள்ளுவர் 995-ஆம் குறளில் விளையாட்டுக்குக்கூட இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறார். அந்தப் பிள்ளை தாவணியைச் சுருட்டியதற்கு உரை வேறு வேண்டியதில்லை.

வேல்துணைக்கு ஒன்று சொல்லுகிறேன், வயசில் பெரியவன் என்ற உரிமையில். சுந்தரர் திருவாரூரில் பாடியதைப் படித்துப் பாருங்கள். பார்வை இழந்திருந்தவருக்கு ஒரு கண் காஞ்சியில் வந்துவிட்டது, மற்ற கண் இன்னும் வரவில்லை. கடவுளிடம் போய், தராவிட்டால் போங்கள், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். திருமுறையில் இருக்கிறது. கோயிலில் ஓதுவார் பாடுகிறார். பக்தியில் தோழமை என்று ஒரு வழி உண்டு, அவருக்குத் தம்பிரான் தோழர் என்றே பேர். உம்முடைய வழி விரத வழி, அதுவும் உயர்ந்தது. உம் தொண்டை அடைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. மற்றவனுடைய உரிமைப் பேச்சையும் பக்தி இல்லை என்று தள்ளிவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

குன்னூர்த் தேயிலை:

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். முஸ்லிம். எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லா மதத்துக்காரர்களும் ஒரே வரிசை வீட்டில் இருந்து வளர்ந்தோம். பண்டிகைக்குப் பண்டிகை கேலியும் தின்பண்டமும் சேர்ந்தே வரும்.

எங்கள் மார்க்கத்தில் அல்லாஹ்வையும் ரசூலையும் வைத்துக் கேலி பேசுவது இல்லை. அதில் எனக்கு மாற்றம் கிடையாது, வேல்துணை தம்பியின் மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் நபிகள் சிரித்திருக்கிறார்கள், சிரிக்க வைத்திருக்கிறார்கள். ஒரு மூதாட்டி வந்து, சொர்க்கத்துக்குப் போக எனக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்டாராம். கிழவிகள் சொர்க்கத்துக்குப் போக மாட்டார்களே என்றார்களாம். அந்த அம்மா அழுதுகொண்டே திரும்ப, அங்கே போகும்போது நீ இளமையாகத்தான் போவாய் என்று சொல்லி அனுப்பினார்களாம். விளையாட்டிலும் பொய் கிடையாது, கேட்டவரின் மனம் கடைசியில் குளிர்ந்தது.

ஆலோலம் தங்கச்சி எழுதியதற்கு குர்ஆனில் நேராகவே வசனம் இருக்கிறது. அல்ஹுஜுராத் அத்தியாயம், 49:11. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்ய வேண்டாம், அவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம். பெண்களுக்கும் தனியாக அதே வசனத்தில் சொல்லியிருக்கிறது. பட்டப்பேர் வைத்துக் கூப்பிடாதீர்கள் என்றும் இருக்கிறது.

மலைவழக்கு:

வக்கீல் என்ற முறையில் சுருக்கமாக. பையன்கள் கேஸ் போடுவோம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பிரிவு 1927-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. இரண்டிலும் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்பது முக்கியம். முருகனுக்கு எடுக்கிற விழாவில், முருகன் நாடகத்தில், முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பேசியவரிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது கஷ்டம்.

உண்மையில் ஆபத்து ஆலோலம் சொன்ன இடத்தில் இருக்கிறது. பளியர் பட்டியல் பழங்குடியினர். ஊர் பார்க்க அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். விழாக் குழு இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கோத்தகிரி அக்கா:

நான் படுகர் வீட்டுப் பெண். எங்கள் ஹெத்தை அம்மன் பண்டிகையில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, வெள்ளைச் சேலையோடு போவோம். அங்கே போய் யாராவது பபூன் பேச்சு பேசினால் எனக்கும் பிடிக்காது. அதே நான் ஊட்டி மாரியம்மன் தேருக்குப் போனால் வேறு ஆள். கூட்டத்தில் தள்ளுமுள்ளு, தேர்மேல் உப்பை வீசும்போது பக்கத்தில் இருப்பவர் தலையில் விழுந்து, அவர் திட்டி, எல்லாரும் சிரித்து... அதுவும் நேர்த்திக்கடன்தான்.

கருவறை வாசலில் யாரும் பபூனை நிறுத்தவில்லை. நாடகக் கொட்டகையில்தான் நிற்கிறார். இடம் பார்த்துப் பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

மேல்மலையான்:

எல்லாருக்கும் நன்றி. கூட்டம் நேற்று ராத்திரி முடிந்தது.

நான் காளமேகத்தைச் சொல்லலாம் என்று போனேன். கடைசியில் ஆலோலம் எழுதியதைத்தான் போனில் வாசித்துக் காட்டினேன். பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருத்தர், "அப்ப பளியர் ஊருக்கும் வெத்தலை பாக்கு வெச்சு முறையா அழைப்பு குடுக்கணுமா இல்லையா?" என்றார். இதுவரை கொடுத்ததில்லை. இந்த வருஷம் கொடுப்பது என்று முடிவு. உட்கார இடம் பந்தல் ஓரத்தில் இல்லை, முன்வரிசையில்.

பபூன் உண்டு. இது பெரும்பாலோர் முடிவு. பையன்களில் நாலைந்து பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: யாரும் செல்போனில் பிடித்து வெளியே அனுப்பக்கூடாது என்று மைக்கில் சொல்ல வேண்டும். எனக்கு அது சரி என்றே பட்டது. வேல்துணை சொன்ன மாதிரி, வாழைப்பழம் தெரியாதவன் கையில் போய்ச் சேர வேண்டிய பேச்சு இல்லை அது.

இப்போது ஆர்மோனியம் அண்ணனிடம் ஒரு கேள்வி. பபூனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கலைஞரிடம் போய் இதைப் பேசு, இதைப் பேசாதே என்று பட்டியல் நீட்டக் கூச்சமாக இருக்கிறது.

ஆர்மோனியம்:

பட்டியல் வேண்டாம். எழுதிக் கொடுத்தால் ராத்திரி முழுக்க அந்தத் தாள்தான் அவர் மனசில் நிற்கும், பேச்சு செத்துப்போகும்.

வேஷம் கட்டுவதற்கு முன்னால், சாயங்காலம் சாப்பாடு போடும்போது, ஊர்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்ல வேண்டும். எந்த பபூனும் அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பார். யார் வீட்டில் பூண்டு நல்ல விலைக்குப் போனது, யார் புதிதாக ஜீப் வாங்கினார், எந்த வளைவில் பஸ் நின்றுபோனது என்று அப்போதுதான் திரட்டிக்கொள்வார். அந்தப் பேச்சிலேயே, இந்த வருஷம் பளியர் ஊர்க்காரர்களும் நம் விருந்தாளியாக முன்னால் உட்காருகிறார்கள், அவர்கள் வள்ளியைப் பெற்ற வீடு மாதிரி என்று சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். பெண் வீட்டாரைச் சபையில் வைத்து எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். கேலி இருக்கும், சம்பந்திக் கேலியாக இருக்கும்.

டான்ஸ் வருகிற பெண்ணுக்கு உடை மாற்ற நல்ல மறைப்பும், சூடாகத் தண்ணீரும், மேடைக்கு வர வெளிச்சமான வழியும் செய்து கொடுங்கள். ஊர் எப்படி நடத்துகிறதோ அதைப் பார்த்துத்தான் மேடையில் பேச்சு வரும். என் அனுபவத்தில் இது தவறியதில்லை.

ஆலோலம்:

அழைப்பு கொடுக்கப் போகும்போது பெண்களும் ரெண்டு பேர் போங்கள் அண்ணா. ஆண்கள் மட்டும் போய் நின்றால் ஃபாரஸ்ட் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பயந்துவிடுவார்கள். நான் அந்தப் பிள்ளையிடம் பேசிப் பார்க்கிறேன். வருவாள் என்று இப்போதே சொல்ல முடியாது.

வேல்துணை:

என் மனசு முழுக்க மாறவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோமணப் பேச்சு வரும்போது நான் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விடுவேன். அதற்கு யாரும் என்னைக் கேலி பண்ணக்கூடாது. புலவர் ஐயா சொன்ன திருவாரூர்ப் பதிகத்தைத் தேடிப் படித்தேன். அந்தக் கோபம் சுந்தரருக்குத் தகும், எனக்கு இன்னும் அந்த உரிமை வரவில்லை.

பளியர் ஊர் அழைப்புக்கு எங்கள் குழுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன். வெற்றிலை பாக்கோடு பழனியிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தமும் வைக்கலாம். மேல்மலையான் அண்ணே, எந்த நாள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு லீவு.